யார் தடுத்தது?

ஜனவரி 18

தம்பி டெல்ஃபினோவுக்கு அக்கா யூஃபேலியா எழுதுவது.

நான் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? போர்த்திக்கொள்ளக் கம்பளி கொடுக்கிறார்களா? இங்கே மண் இரும்பாகக் கிடக்கிறது. உருளைக்கிழங்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலைக்குத் தினமும் போகிறேன். அழுகின கிழங்கு கையில் வந்தால் நசுக்கிவிடுகிறேன். மேஸ்திரி, "தூக்கி எறிஞ்சா போதும் யூஃபேலியா, அது உனக்கு என்ன பண்ணிச்சு?" என்று கேட்கிறான்.

அமாடாவைப் புதைத்து நாலு மாசம் ஆகிறது. அதை எழுத உட்காரவில்லை. எழுதினால் இந்தத் தாள் போதாது.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற அந்த நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, "உங்க தம்பிக்குப் பொண்ணு இருக்கா?" என்று கேட்டாள். நம் வீட்டு மார்புப் புற்றுநோய் ஆம்பளை வழியாகவும் இறங்குமாம். செத்துப்போன நம் தங்கை ரொசெண்டா, நான், என் மகள் அமாடா என்று நான் இத்தனை நாள் பெண்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். உனக்கு மார்பு ஏது, உன் மகளுக்கு எங்கிருந்து வரும் என்று இருந்துவிட்டேன். தப்பு. உன் ரத்தத்தில் அது இருந்தால் பெர்னடெட்டுக்குப் பாதிக்குப் பாதி. நம் ஆட்கள் ஸ்பெயினிலிருந்து வந்தபோதே கூட வந்த நோயாம். உயிருக்குப் பயந்து ஞானஸ்நானம் வாங்கின யூதர்களின் ரத்தம் நம்மிடம் இருக்கிறதாம். அப்பா கேட்டிருந்தால் அந்த நர்ஸ் மேல் நாயை ஏவியிருப்பார்.

நான் மூன்று வருஷத்துக்கு முன்னால், நோய் வருவதற்கு முன்னாடியே, இரண்டு மார்பையும் அறுத்து எடுத்துக்கொண்டேன். இருக்கிறேன். அமாடா எடுக்கவில்லை. அவள் இல்லை.

பெர்னடெட் என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறாள். "அத்தை, துக்கத்துல உங்களுக்கு எல்லாரும் பிணமாத் தெரியுறாங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். நீ எழுது. அப்பன் நீ சொன்னால் கேட்பாள்.

அமாடாவின் புருஷன் எலாயைக் கடையில் பார்த்தேன். இடது கண் போய்விட்டது. கன்னத்து எலும்பு உள்ளே போய் முகம் ஒருபக்கம் பள்ளமாக இருக்கிறது. என்னைக் கண்டதும் எடுத்த சாமானை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

வாயைக் கட்டிக்கொண்டு, கையையும் கட்டிக்கொண்டு இரு.

உன் அக்கா
யூஃபேலியா


பிப்ரவரி 9

அக்காவுக்கு டெல்ஃபினோ எழுதுறது.

நான் கல்லு மாதிரி இருக்கேன். நீ வேளைக்குச் சாப்பிடு. கம்பளி ரெண்டு இருக்கு. ஒண்ணு குடுத்தாங்க, ஒண்ணு பக்கத்துக் கட்டில்காரன்கிட்டப் பிடுங்கினேன்.

போன வாரம் சாப்பாட்டுக் கூடத்துல ஒருத்தன் என் தட்டுல துப்பினான். அந்தத் தட்டாலயே அவன் மூக்கை உடைச்சேன். அதுக்கு மூணு மாசம் யாரும் என்னைப் பாக்க வரக்கூடாது, போனும் கிடையாது. கடுதாசி மட்டும்தான். அதையும் பிரிச்சுப் படிச்சிட்டுத்தான் அனுப்புறாங்க. (ஐயா, நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?)

பெர்னடெட்டுக்கு எழுதிட்டேன். "போய் ரத்தத்தைக் குடு, இல்லேன்னா எனக்கு மகளே கிடையாது"ன்னு எழுதினேன். போவா.

எலாய் முகம் பள்ளமா இருக்குன்னு எழுதியிருக்க. அதுக்கு நான் என்ன பண்ணணும்? அழணுமா? எனக்கு நல்லாத் தூக்கம் வருது அக்கா. நான் தூக்கி வளர்த்த பொண்ணு அது. அவ பெட்டி மேல நானே மண்ணு தள்ளிக்கிட்டிருந்தேன். நம்ம குடும்பத்துப் பொணத்தை நாமதான மூடணும். "இவளுக்கு ஆபரேஷன் வேணாம்னு யார் தடுத்தது?"ன்னு உன்னைக் கேட்டேன். நீ உதட்டை அவன் பக்கம் நீட்டிக் காட்டின. அது போதாதா? அவனும் நிமிந்து நின்னான், "நான் இல்ல"ன்னு ஒரு வார்த்தை சொன்னானா? குத்தம் இருக்கிறவனுக்கு எப்படி வாய் வரும். என் கையில மண்வெட்டி இருந்துச்சு. எட்டு வருஷம் போட்டாங்க. எண்பது போட்டாலும் அதே அடிதான் அடிச்சிருப்பேன்.

நீ அவனைப் பத்தி இனிமே எழுதாத.

தம்பி
டெல்ஃபினோ


மார்ச் 14

தம்பிக்கு.

உடம்புக்கு ஏதாவது செய்கிறதா? எனக்குத் தையல் போட்ட இடம் குளிரில் இழுக்கிறது. மற்றபடி ஒன்றும் இல்லை.

பெர்னடெட் உன் கடிதத்தை என்னிடம் விட்டெறிந்தாள். "இப்படித்தான் மகளுக்கு எழுதுவாங்களா?" என்று கேட்டாள். ஆனாலும் போய் ரத்தம் கொடுத்தாள். முந்தாநாள் பதில் வந்தது. அவளுக்கு இருக்கிறது. அப்படியென்றால் உனக்கும் இருக்கிறது.

நான், அவள், அவள் புருஷன் வெர்னன், மூன்று பேரும் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு வயசு இசிட்ரோ மேசைக்குக் கீழே கரண்டியால் தரையை அடித்துக்கொண்டிருந்தான். இப்போது நோய் இல்லை, ஆனால் வரும், வருவதற்கு முன்னால் எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதை அவளே சொன்னாள். மே மாசம் பத்தாம் தேதி கொடுத்திருக்கிறார்களாம்.

வெர்னன் எழுந்துவிட்டான். "அவளுக்கு இருபத்தாறு வயசு அத்தை. நல்லா இருக்கிற உடம்பை எதுக்கு வெட்டணும்? இன்னொரு குழந்தை வேணும்னு இருந்தோம். ஒரு வருஷம் போகட்டும்" என்றான்.

"ஒரு வருஷமா?" என்றேன்.

"கத்தாதீங்க. இது என் வீடு."

"நான் எங்கடா கத்தினேன்?"

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனான். சாத்தின வேகத்தில் சுவரிலிருந்த மாதா படம் கீழே விழுந்தது. பெர்னடெட் அதை எடுத்து மாட்டவில்லை. அப்படியே கிடந்தது.

நான் மறுபடியும் போய்ப் பேசுகிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கும் மார்பில் ஏதாவது தட்டுப்பட்டால் அங்கே இருக்கிற டாக்டரிடம் காட்டு. சிரிக்காதே. ஆம்பளைக்கும் வருமாம்.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு.

நான் நல்லா இருக்கேன். என் மார்ல முடிதான் தட்டுப்படுது.

ஒரு வருஷம் போகட்டுமாமா? சாத்துறதுக்குக் கதவு வேற கேக்குதா அவனுக்கு? இன்னொரு எலாய். நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்குன்னு எங்கிருந்துதான் வந்து வாய்க்கிறானுங்களோ. ஒருத்தன் என் அக்கா மகளை முழுங்கிட்டான். இவன் என் மகளை முழுங்கப் பாக்கிறான். நான் உள்ள இருக்கேன்கிற தைரியம்.

இங்க என்கூட இருந்த ரெண்டு பேர் ஈஸ்டருக்கு முன்னாடி வெளிய வர்றாங்க. நம்ம பள்ளத்தாக்குப் பக்கம்தான் வேலை தேடி வர்றாங்க. வெர்னனைப் பாத்துப் பேசச் சொல்லியிருக்கேன். நல்லாப் பேசுவாங்க. அவன் தலையை ஆட்டிடுவான். நீ ஒண்ணும் கவலைப்படாத.

தம்பி


மார்ச் 30

டெல்ஃபினோ, என் தம்பி.

உன் கடிதம் இன்றுதான் வந்தது. நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

வேண்டாம். அந்த ஆட்களைத் தடுத்து நிறுத்து. உன்னைக் கும்பிடுகிறேன். வெர்னன் கெட்டவன் இல்லை. அவனைத் தொட்டால் பெர்னடெட் நம்மைத் திரும்பிப் பார்க்கமாட்டாள். ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டாள். பிறகு அவளை யார் காப்பாற்றுவது?

எலாயையும் நீ நினைக்கிற மாதிரி நினைக்காதே. அதில் ஒன்று இருக்கிறது. இப்படிக் கடிதத்தில் எழுத முடியாது, யார் யாரோ படிக்கிறார்கள். உன்னைப் பார்க்க விடும் நாளில் நேரில் வந்து சொல்கிறேன். அதுவரைக்கும் என் வார்த்தையை நம்பு. நிறுத்து.

உன் அக்கா
யூஃபேலியா


ஏப்ரல் 16

அப்பாவுக்கு.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. வெர்னன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலையில் வாய்க்கால் மடையைத் திறக்கப் போயிருந்தான். ஆளுக்கொரு வேலிக்கட்டை வைத்திருந்தார்களாம் உங்கள் ஆட்கள். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. கம்பி போட்டுப் பல்லோடு பல்லைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். வலது கை முறிந்துவிட்டது. தண்ணீருக்குள் முகத்தை அமுக்கிப் பிடித்து, "உன் மாமனார் கேட்டதாச் சொல்லச் சொன்னார்" என்றார்களாம். இசிட்ரோ வண்டிக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தான். நான்கு நாளாக அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

போலீஸ் வந்து கேட்டது. யார் அனுப்பினார்கள் என்று நானே சொன்னேன்.

மே பத்தாம் தேதியை ரத்து பண்ணிவிட்டேன். என் மார்பைப் பற்றி இனி நீங்களும் பேச வேண்டாம், அத்தையும் பேச வேண்டாம். உங்களுக்குக் கத்தியும் ஒன்றுதான், கட்டையும் ஒன்றுதான். இந்த வீட்டில் யாராவது யாரையாவது அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் சாவதாக இருந்தால் முழு உடம்போடு சாகிறேன்.

இதில் ஒரு பிரதி அத்தைக்கும் அனுப்பியிருக்கிறேன்.

பெர்னடெட்


ஏப்ரல் 21

டெல்ஃபினோவுக்கு.

உன்னைத் தனிக்கொட்டடியில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே கடிதம் தருவார்களா தெரியாது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கட்டும். போன மாசம் முப்பதாம் தேதி எழுதவேண்டியதை இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கே எழுதியிருந்தால் வெர்னன் இப்போது மென்று சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

அமாடாவின் ஆபரேஷனைத் தடுத்தது எலாய் இல்லை. நான்.

நான் எடுத்துக்கொண்டபோது அது எப்படி இருந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. கண் விழித்தபோது நெஞ்சில் குறுக்கே இரண்டு தையல். இரண்டு பக்கமும் குழாய் விட்டு, குழாய் முனையில் ரத்தம் நிறைகிற குப்பிகள். ஒரு பக்கம் சீழ் பிடித்தது. மறுபடியும் திறந்து கழுவினார்கள். உன் அத்தான் ஒருதரம் பார்த்தார். பிறகு அடுத்த அறையில் படுத்துக்கொண்டார். பிறகு பியூப்லோ நகரத்துக்கு வேலை என்று போனார், வரவில்லை. அப்போது அமாடாவுக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாசம். அவளுக்கும் அந்த ரத்தம் என்று தெரிந்ததும், என் பிள்ளைக்கு இந்த அறுப்பு கூடாது என்று நினைத்தேன். என் உயிரை அந்தக் கத்திதான் காப்பாற்றியது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நினைத்தேன்.

யூத ரத்தம் என்று அந்த நர்ஸ் அப்போதே சொன்னதும் எனக்குள் முள்ளாக நின்றது. கார்மேல் மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். என் மகள் ஒரு வருஷம் உன் பழுப்பு அங்கியை உடுத்துவாள், நீ அவள் ரத்தத்தைக் கழுவிக் கொடு என்று. நேர்ச்சை நடக்கும்போது கத்தி வைத்தால் மாதாவை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்றேன். அங்கியை நானே தைத்தேன். அமாடா, "எனக்கு இது வேணாம்மா, நான் டாக்டர்கிட்டயே போறேன்" என்றாள். நான் சாப்பிடமாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். போட்டுக்கொண்டாள்.

எலாய்தான் டாக்டரிடம் நாள் வாங்கினான். எலாய்தான் வண்டியைக் கிளப்பினான். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"அத்தை, தள்ளுங்க. நேரமாச்சு."

"என் மேல ஏத்திட்டுப் போடா."

"உங்களுக்குப் பைத்தியமா? நீங்க எடுத்துக்கிட்டுத்தான உசுரோட நிக்கிறீங்க! அவளுக்கு மட்டும் துணியா?"

இறங்கி வந்து என் தோளைப் பிடித்து நகர்த்தப் பார்த்தான். அடுப்புக் கிளறுகிற இரும்பு என் கையில் இருந்தது. அவன் முழங்கையில் போட்டேன். எலும்பு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. இன்னொன்று போட ஓங்கினேன். அமாடா வண்டிக்குள்ளிருந்து, "போதும்மா, நான் போகல, போகல, விட்டுடு" என்று அலறினாள். அன்றைக்கு நான் ஜெயித்தேன். மாதா முன்னால் போய் நன்றிகூடச் சொன்னேன்.

நேர்ச்சையின் பதினோராம் மாசம் அங்கியைக் கழற்றும்போது அவளே கட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

குழிப் பக்கத்தில் நீ கேட்டபோது ஊரே நின்றது. சாமியார் நின்றார். நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உதடு அவன் பக்கம் போனது. அவன் என்னையே பார்த்தான். நீ அடித்தாய். மூன்று அடி. முதலடிக்குப் பிறகு நிறுத்து என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டாவதுக்குப் பிறகும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாரோ அடி வாங்குகிறார்களே என்று எனக்கு உள்ளே ஆறுதலாகக்கூட இருந்தது. கோர்ட்டில் உனக்கு எட்டு வருஷம் என்று சொன்னபோதும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெர்னனைப் பற்றி எழுதினதிலும் பாதியை விட்டுவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு போனவன் கொட்டகையில் நின்று அழுதான். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். "பயமா இருக்கு அத்தை, அவ மேசையிலயே செத்துட்டான்னா?" என்றான். அதை உனக்கு எழுதவில்லை. ஒரு வருஷம் என்று அவன் சொன்னதும் எனக்கு அவன்மேல் வெறி வந்தது. அது நான் அமாடாவுக்குச் சொன்ன வருஷம்.

இரண்டு பேரை உன் கையால் அடித்தது நான்தான்.

முடிக்கும்போது என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

யூஃபேலியா


ஜூன் 3

டெல்ஃபினோவுக்கு.

நீ உடம்போடு இருக்கிறாயா என்றாவது யாரையாவது விட்டு எழுதச் சொல். ஒரு பதிலும் இல்லை. என் கடிதம் திரும்பி வரவும் இல்லை, அதனால் கையில் கிடைத்திருக்கும்.

பெர்னடெட் வீட்டுக்கு மூன்று தரம் போனேன். இரண்டு தரம் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் தரம் வெர்னன் திறந்தான். உனக்கு எழுதினது முழுவதையும் அவர்கள் இரண்டு பேர் முன்னாலும் நின்றுகொண்டே சொன்னேன். முடித்ததும் பெர்னடெட் என்னை அறைந்தாள். காது அடைத்துவிட்டது. "அமாடா என்கூடப் படுத்துத் தூங்கினவ. அவளைக் கொன்னுட்டு எனக்குப் புத்தி சொல்ல வந்தியா?" என்றாள். மறுபடியும் அறைந்தாள். நான் கையைத் தூக்கவில்லை.

சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டினேன். இதுவரை யாருக்கும் காட்டினதில்லை. "அசிங்கமா இருக்கு, பாத்துக்கோ. சீழ் பிடிச்ச பக்கம் இது. குளிருக்கு வலிக்கும். இதைப் பாத்துப் பயந்துதான் என் பிள்ளையை விட்டேன். நீயும் பயப்படு, பயந்துக்கிட்டே போ" என்றேன்.

அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தொட்டியில் போட்டு உடைத்தாள். ஒவ்வொன்றாக. வெர்னனால் வாயைத் திறக்க முடியாது. பல்லைக் கடித்தபடியே பேசினான். "அத்தை... தேதி... நான் வாங்குறேன்." உள்ளே இருந்து அவள், "நான் இன்னும் சரின்னு சொல்லல!" என்று கத்தினாள். அவன் என்னைப் பார்த்து, போங்க என்று கண்ணைக் காட்டினான்.

எலாய் வீட்டுக்கும் போனேன். முற்றத்தில் ஆட்டைத் தொங்கவிட்டுத் தோல் உரித்துக்கொண்டிருந்தான். ஒற்றைக் கண்ணால் தூரம் பிடிபடாமல் கத்தி தவறித் தவறி அவன் விரலிலேயே பட்டிருந்தது. துணி சுற்றியிருந்தான். மன்னிப்புக் கேட்டேன்.

"அதை வெச்சு நான் என்ன பண்ண? கண்ணு முளைக்குமா?" என்றான்.

"குழிக்கிட்ட ஏன் நீ ஒண்ணும் சொல்லல? கோர்ட்டுலயாவது சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன்.

"அமாடா உள்ள கிடந்தா. அவ முன்னாடி அவ அம்மாவைப் பொய்க்காரின்னு சொல்லணுமா? அவளுக்காக விட்டேன். உங்களுக்காக இல்ல." கத்தியை மரத்தில் குத்தினான். "கிளம்புங்க. இந்தக் கத்தி கையில இருக்கிறப்ப நீங்க என் முன்னாடி நிக்காதீங்க."

அடியில் வைத்திருந்த ரத்த வாளியைக் காலால் எத்தினான். என் செருப்பு நனைந்தது. வந்துவிட்டேன்.

எழுது. திட்டியாவது எழுது.

யூஃபேலியா


ஜூலை 19

டெல்ஃபினோவுக்கு.

நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமலே எழுதுகிறேன்.

பெர்னடெட்டுக்குச் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நடந்தது. ஆறு மணி நேரம். என்னை வர வேண்டாம் என்றாள். நான் போய் வண்டி நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் வெர்னன் வந்து, "அத்தை, குப்பியைக் காலி பண்ண எனக்கு வரல. நீங்க வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனான்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் குழாயை மேலிருந்து கீழே உருவி, குப்பியைத் திறந்து ஊற்றி, அளவைத் தாளில் குறித்தேன். அந்த வேலை எனக்குத் தெரியும். வலியில் என் மணிக்கட்டைப் பிடித்து நகத்தால் கிழித்துவிட்டாள். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னாள். உன்னையும் சொன்னாள். நான் குறித்துக்கொண்டே இருந்தேன்.

வெட்டி எடுத்ததைச் சோதித்தார்களாம். நேற்று டாக்டர் வந்தார். இடது பக்கத்தில் நோய் ஆரம்பித்திருந்ததாம். பருப்பில் பாதி அளவு. இன்னும் எங்கேயும் பரவவில்லை. வெட்டினதோடு அது முழுக்க வெளியே வந்துவிட்டது. "ஒரு வருஷம் விட்டிருந்தா வேற கதை" என்றார். வெர்னன் சுவரில் முட்டிக்கொண்டான். கட்டு அப்போதுதான் பிரித்த தாடை. பெர்னடெட் கட்டிலில் இருந்தே, "நிறுத்து, மறுபடியும் கம்பி போடவா?" என்று அவனைத் திட்டினாள்.

இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதினேன்.

யூஃபேலியா


செப்டம்பர் 12

யூஃபேலியாவுக்கு.

உன் உடம்பு எப்படின்னு கேக்க எனக்கு மனசு வரல.

என்னைத் தனிக்கொட்டடியில இருந்து வெளிய விட்டு ரெண்டு வாரம் ஆச்சு. வெர்னன் கேசுக்கு இன்னும் நாலு வருஷம் சேத்துப் போட்டாங்க. ஏப்ரல் கடுதாசி அந்தக் கொட்டடியிலேயே கிடைச்சிடுச்சு. படிச்சதும் கிழிச்சேன். அப்புறம் துண்டை எல்லாம் தரையில பரப்பிச் சேத்து வெச்சுப் படிச்சேன். அங்க வேற செய்ய ஒண்ணுமில்ல. சுவத்துல என் கையைக் குத்தினேன். ரெண்டு விரல் மடங்க மாட்டேங்குது. மண்வெட்டி ஓங்கின அந்தக் கைதான்.

நீ இங்க வந்திருந்தா உன்னைக் கொன்னிருப்பேன். சத்தியமாச் சொல்றேன். படிக்கிற ஐயாவும் குறிச்சுக்கட்டும். இப்ப அப்படி இல்ல. இப்ப எப்படின்னு எனக்கே தெரியல.

நீ கோர்ட்டுக்குப் போய் எதுவும் சொல்லிக் கிழிக்க வேணாம். நீ காட்டின, சரி. ஓங்கினது நான். ஒருத்தனைப் பாத்து "நீயா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவன் பேச வாய் திறக்கிற நேரம்கூட நான் குடுக்கல. அதை எலாய்க்கு எழுத உக்காந்தேன். அவன் பேருக்கு மேல ஒண்ணும் வரல.

பெர்னடெட் எனக்கு எழுதமாட்டா. எழுதவும் வேணாம். நீ எழுது. மாசம் பொறந்தா ஒரு கடுதாசி. அவ இருக்காளா இல்லையான்னு மட்டும். வேற எதுவும் வேணாம். உன் தையலு, உன் கிழங்கு, உன் அழுகை எதுவும் வேணாம். ஒரே வரி.

டெல்ஃபினோ


அக்டோபர் 1

பெர்னடெட் உயிரோடு இருக்கிறாள்.


நவம்பர் 1

பெர்னடெட் உயிரோடு இருக்கிறாள். நீ?